பதினைந்தாயிரம் பேர் எங்கே போனார்கள்? தகேதா கட்சுயோரியின் வீழ்ச்சி

1582-ஆம் ஆண்டு, ஜப்பானியப் பழைய நாள்காட்டியின் இரண்டாம் மாதம் 2-ஆம் நாள். தகேதா குலத் தலைவர் கட்சுயோரி பதினைந்தாயிரம் வீரர்களோடு கோட்டையை விட்டுப் புறப்பட்டார். மூன்றாம் மாதம் 11-ஆம் நாள், தானோ என்ற மலையடிவாரச் சிற்றூரில் அவர் உயிர் போனபோது கூட இருந்த வீரர்கள் நாற்பது சொச்சம் பேர், பெண்கள் சுமார் ஐம்பது பேர். எதிரி ஓடா நொபுனாகாவிடம் வேலை பார்த்த ஓதா க்யூஇச்சி பிற்பாடு எழுதிய வரலாற்றில் இந்தக் கணக்கு இருக்கிறது. இடைப்பட்ட நாற்பது நாளில் கட்சுயோரி நேரில் நின்று நடத்திய பெரும்போர் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் பதினைந்தாயிரம் பேரும் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் சாகவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. தந்தை ஷிங்கென் மாவீரர். மகன் முரட்டு முட்டாள். 1575-ல் நகாஷினோவில் துப்பாக்கிகளுக்கு முன்னால் குதிரைப்படையை ஏவி அப்பா சேர்த்ததையெல்லாம் அழித்தார். கதை முடிந்தது. இதில் இடிக்கும் ஒரு விஷயம் உண்டு. நகாஷினோவுக்குப் பிறகு கட்சுயோரி ஏழு ஆண்டுகள் ஆண்டார். ஒரே நாளில் அழிந்த குலம் ஏழு ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தது?

பெயரில் இல்லாத எழுத்து

தகேதாக்களின் தாயகம் காய் மாகாணம். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இன்றைய யமனாஷி அதுதான்.) நான்கு பக்கமும் மலை, நெல் விளையும் நிலம் கொஞ்சம், கடலே கிடையாது. ஆகவே வடக்கே ஷினானோ, பின்னால் தெற்கே சுருகா என்று ஷிங்கென் வாழ்நாள் முழுக்க வெளியே பிடித்துக்கொண்டே போனார்.

அப்படிப் பிடித்த இடங்களில் ஒன்று ஷினானோவின் சுவா. 1542-ல் சுவா தலைவர் யோரிஷிகேயை வென்று தன் தலைநகர் கோஃபுவுக்குக் கொண்டுவந்து தற்கொலை செய்துகொள்ள வைத்தார் ஷிங்கென். பிறகு அவருடைய மகளையே தன் துணைவியாக்கிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 1546-ல் பிறந்த பிள்ளைதான் கட்சுயோரி. ஷிங்கெனின் நான்காவது மகன்.

தகேதா ஆண்களின் பெயரில் பரம்பரையாக வரும் எழுத்து 'நொபு'. ஷிங்கெனின் இயற்பெயர் ஹருநொபு, அவர் அப்பா நொபுதோரா, மூத்த மகன் யோஷிநொபு. கட்சுயோரிக்கு மட்டும் அந்த எழுத்து இல்லை. அவருக்கு வைத்தது சுவா குடும்பத்தின் 'யோரி'. தாய்வழிக் குலத்துக்குத் தத்துப்போன பிள்ளை, தகேதா குலத்துக்கு வாரிசு அல்ல என்று பெயர் வைக்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள். 1562-ல் ஷினானோவின் தகதோ கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே ஒரு கிளைத் தலைவராக இருந்து காலத்தை முடித்திருக்க வேண்டியவர்.

1565-ல் மூத்த மகன் யோஷிநொபு தந்தைக்கு எதிராகச் சதி செய்ததாகச் சிக்கினார். காவலில் வைக்கப்பட்டு 1567-ல் இறந்தார். இரண்டாவது மகனுக்குக் கண்பார்வை இல்லை. மூன்றாவது மகன் சிறு வயதிலேயே போய்விட்டார். மிஞ்சியது கட்சுயோரி. சரி, வேறு வழியில்லை என்றுதான் அழைத்தார்கள்.

வாரிசு விஷயத்தில் இந்தக் குடும்பம் ராசியில்லாத குடும்பம். ஷிங்கெனே 1541-ல் தன் அப்பா நொபுதோராவை நாட்டைவிட்டு விரட்டிவிட்டுத்தான் தலைவரானார். விரட்டப்பட்ட கிழவர் மகனைவிட நீண்ட நாள் வாழ்ந்து, 1574-ல் பேரனின் தகதோ கோட்டையில் கண்ணை மூடினார்.

1573-ன் நான்காம் மாதம், நொபுனாகாவின் கூட்டாளி தொகுகாவா இயேயாசுவின் நிலத்தில் புகுந்து மேற்கே போய்க்கொண்டிருந்த ஷிங்கென் நோயில் விழுந்து, திரும்பும் வழியில் இறந்தார். மூன்று ஆண்டு தன் சாவை மறைக்கச் சொன்னாராம். 'கோயோ குன்கான்' என்ற பிற்காலப் படைநூல் இன்னொன்றும் சொல்கிறது: கட்சுயோரி தலைவரல்ல, அவர் மகன் நொபுகட்சு பதினாறு வயதை அடையும்வரை காப்பாளர் மட்டுமே, ஷிங்கெனின் புகழ்பெற்ற கொடியையும் அவர் ஏந்தக் கூடாது. அந்த நூலை அப்படியே நம்ப முடியாது. ஆனால் பேரன் பெயரைப் பாருங்கள், நொபுகட்சு. அப்பாவுக்கு இல்லாத எழுத்து மகனுக்கு இருக்கிறது.

நம்பத்தகுந்த சான்று வேறொன்று உண்டு. தந்தை இறந்து பதினொரு நாளில் மூத்த தளபதி நைதோவுக்குக் கட்சுயோரி ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். முன்பு என்னோடு ஒத்துப்போகாதவர்களாக இருந்தாலும் இனி உண்மையாக நடந்தால் நன்றாகவே நடத்துவேன் என்பது அதன் சாரம். புதுத் தலைவர் பதவி ஏற்ற கையோடு கையில் சத்தியம் அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், வீட்டுக்குள் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

நகாஷினோ: தோல்விதான், முடிவல்ல

கட்சுயோரி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1574-ல் மினோவில் நொபுனாகாவின் கோட்டைகளைப் பிடித்தார். அதே ஆண்டு தோதோமியில் தகதென்ஜின் கோட்டை விழுந்தது. ஷிங்கெனாலேயே பிடிக்க முடியாத கோட்டை அது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1575-ல் நகாஷினோ கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சுமார் ஐந்நூறு பேரோடு இருந்தவர் ஒகுதாயிரா. ஷிங்கென் இறந்ததும் தகேதாவை விட்டு இயேயாசு பக்கம் தாவியவர். காப்பாற்ற நொபுனாகாவும் இயேயாசுவும் சேர்ந்து வந்தார்கள். மரபாகச் சொல்லும் கணக்கு 38,000 பேர். தகேதா பக்கம் 15,000. ஓடையை முன்னால் வைத்து, மர வேலி அடித்து, பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார் நொபுனாகா.

மூத்த தளபதிகள் திரும்பிவிடலாம் என்றார்களாம். கட்சுயோரி போருக்கு முந்தின நாள் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. எதிரி வழி தெரியாமல் திணறுகிறான், இறங்கி அடிக்கப்போகிறேன் என்று தெம்பாக எழுதியிருக்கிறார். நொபுனாகா படையின் பெரும்பகுதியைத் தாழ்வான இடங்களில் மறைத்து நிறுத்தியிருந்தார். எதிரில் எவ்வளவு பேர் என்பதே கட்சுயோரிக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அன்றிரவே இயேயாசுவின் தளபதி சகாய் தாதத்சுகு மலை வழியாகச் சுற்றிப்போய், முற்றுகைப் படையின் பின்புறக் காவல் அரண்களைத் தீக்கிரையாக்கினார். விடிந்தபோது பின்னாலும் எதிரி, முன்னாலும் எதிரி.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. மூவாயிரம் துப்பாக்கி மூன்று வரிசையாக மாறிமாறிச் சுட்டதாகப் படிக்கிறோமே, அந்த மூன்று வரிசை ஓதா க்யூஇச்சியின் வரலாற்றில் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. தகேதாக்கள் துப்பாக்கியே அறியாத பட்டிக்காட்டார் என்பதும் தவறு. 1555-லேயே ஷிங்கென் ஒரு கோட்டைக்கு முந்நூறு துப்பாக்கி அனுப்பியிருக்கிறார். இல்லாமல் போனது குண்டும் மருந்தும்தான். ஈயமும் வெடியுப்பும் கடல்வழியே வந்து இறங்கும் சகாய் துறைமுகம் நொபுனாகாவின் பிடியில் இருந்தது. நகாஷினோவுக்குப் பிறகு கட்சுயோரி தன் ஆட்களுக்கு அனுப்பிய உத்தரவுகளில் துப்பாக்கியும் போதிய மருந்தும் கொண்டுவர வேண்டும் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பாடம் படித்தார். பாடத்தைச் செய்துபார்க்கச் சரக்கு இல்லை.

இழப்பு கொடுமையானது. பாபா, யமகாதா, நைதோ, ஹாரா, சுசியா, சனாதா சகோதரர்கள் இருவர் என்று ஷிங்கென் காலத்துத் தூண்கள் ஒரே நாளில் சாய்ந்தன. உறுதிமொழிப் பத்திரம் வாங்கிய நைதோவும் அன்று செத்தவர்தான். ஒருவகையில், புதுத் தலைவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் தகுதி இருந்த தலைமுறையே போய்விட்டது.

இருந்தும் நாடு கையை விட்டுப் போகவில்லை. சில எல்லைக் கோட்டைகள் போயின. காய், ஷினானோ, சுருகா மூன்றும் அப்படியே இருந்தன. 1576-ல் தந்தைக்கு முறையான இறுதிச் சடங்கு நடத்தினார். 1577-ல் கிழக்கே பலம்பொருந்திய ஹோஜோ குலத் தலைவர் உஜிமாசாவின் தங்கையை மணந்தார். பெண்ணுக்கு வயது பதினான்கு. கிழக்கு எல்லை பத்திரம். விழுந்தவர் எழுந்துகொண்டிருந்தார்.

1578: மைத்துனர் எதிரியான கதை

என் கணக்கில் உண்மையான விரிசல் இங்கேதான்.

வடக்கே எச்சிகோவை ஆண்ட உயெசுகி கென்ஷின், ஷிங்கெனின் பழைய எதிரி, 1578-ல் திடீரென இறந்தார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை, தத்துப்பிள்ளைகள் இருவர். ஒருவர் ககெகட்சு. மற்றவர் ககெதோரா, ஹோஜோ உஜிமாசாவின் சொந்தத் தம்பி. அதாவது கட்சுயோரியின் மனைவிக்கு அண்ணன். இருவரும் வாளை உருவினார்கள். தம்பிக்கு உதவச் சொல்லி உஜிமாசா கேட்க, கட்சுயோரி படையோடு வடக்கே போனார்.

போன இடத்தில் ககெகட்சு பேரம் பேசினார். தங்கம் தருகிறேன், கிழக்கு கோசுகேயில் நிலம் விட்டுத் தருகிறேன், உன் தங்கையைக் கட்டிக்கொள்கிறேன். கட்சுயோரி முதலில் இருவருக்கும் சமாதானம் செய்துவைக்கப் பார்த்தார். அதற்குள் தெற்கே இயேயாசு தாக்குவதாகச் செய்தி வர, ஊர் திரும்பினார். சமாதானம் உடைந்தது. 1579-ல் ககெதோரா தோற்று மாண்டார். கட்சுயோரியின் தங்கை ககெகட்சுவுக்கு மனைவியானார்.

தங்கத்துக்கு ஆசைப்பட்டு மைத்துனனை விற்றார் என்பது கோயோ குன்கான் பாணிப் பழி. நான் அவ்வளவு எளிதாகப் பழி சொல்ல மாட்டேன். ககெதோரா வென்றால் கிழக்கிலும் வடக்கிலும் அண்ணன் தம்பி இருவர் கையில் காய் மாட்டிக்கொள்ளும். அந்த அச்சம் நியாயமானது. அதோடு, தம்பி சாகும்போது உஜிமாசாவே வேகமாகப் படை அனுப்பவில்லை. கான்தோவில் வேறு சண்டையில் சிக்கியிருந்தார். தனக்கு ஆகாத வேலையைத் தங்கை மாப்பிள்ளை தலையில் கட்டினார் என்றும் சொல்லலாம்.

நியாயம் இருந்தது, ஆனால் விலை அதிகம். உஜிமாசா 1579-ல் இயேயாசுவோடு கைகோத்தார். மேற்கே நொபுனாகா, தெற்கே இயேயாசு, கிழக்கே ஹோஜோ. புதுக் கூட்டாளி ககெகட்சுவோ உள்நாட்டுச் சண்டையில் களைத்துப்போய் தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் தவித்தார். வலுவான உறவைக் கொடுத்து வலுவிழந்த உறவை வாங்கிய பேரம் இது.

போர்க்களத்தில் கட்சுயோரி தோற்றுக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1580-ல் அவருடைய தளபதி சனாதா மசயுகி நுமாதா கோட்டையைப் பிடித்தார். கோசுகேயில் ஹோஜோ பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் தகேதா நிலம் விரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் மூன்று திசைக்கும் ஆள், அரிசி, வரி கொடுத்துக் குடிகளும் சிற்றரசர்களும் களைத்துப்போனது வரைபடத்தில் தெரியாது.

அந்த இளம் மனைவியை இங்கே குறிப்பிடத்தான் வேண்டும். அண்ணனோடு கணவன் போர் தொடுத்த பிறகும் அவர் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

தகதென்ஜின்: வராத உதவி

1580-ல் இயேயாசு தகதென்ஜினைச் சுற்றி ஆறு காவல் அரண்களைக் கட்டி மூச்சை அடைத்தார். உள்ளே தளபதி ஒகாபே மொதோநொபு, முன்பு சுருகாவை ஆண்ட இமகாவா குலத்தின் பழைய வீரர். 1560-ல் தன் தலைவர் ஒகேஹாசமா போரில் வெட்டுண்டபோது, கோட்டையை விட்டுக்கொடுக்க அந்தத் தலையைத் திருப்பித் தர வேண்டும் என்று பேரம் பேசி வாங்கிவந்தவர். அப்படிப்பட்ட மனிதர் பட்டினியில் காத்திருந்தார். கட்சுயோரி வரவில்லை. கிழக்கே ஹோஜோ கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அதோடு அந்த நேரத்தில் நொபுனாகாவோடு சமாதானப் பேச்சுக்கும் முயன்றுகொண்டிருந்தார். பெரிய படையோடு தெற்கே போனால் பேச்சு கெடும்.

1581-ன் தொடக்கத்தில் உள்ளிருந்தவர்கள் சரணடைய முன்வந்தார்கள். அப்போது நொபுனாகா இயேயாசு தரப்புக்கு எழுதிய கடிதம் இந்த வழக்கின் முக்கியச் சான்று என்பேன். அதன் சாரம்: சரணை ஏற்க வேண்டாம். கட்சுயோரி காப்பாற்ற வந்தால் அங்கேயே முடித்துவிடலாம். வராமல் கைவிட்டால் சுருகாவின் சின்னக் கோட்டைகள்கூட அவரை நம்பி நிற்காது. எனக்குத் தெரிந்து எதிரியைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் போட்ட கணக்கு அந்தக் காலத்தில் குறைவு. நொபுனாகாவுக்கு அந்தக் கோட்டையே பெரிதில்லை. அவர் குறிவைத்தது கட்சுயோரியின் வாக்கை.

மூன்றாம் மாதம் பசியோடு வெளியே பாய்ந்தவர்கள் வெட்டப்பட்டார்கள். எண்ணப்பட்ட தலைகள் 688. உள்ளே இருந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். தகேதா நாட்டின் பல மூலைகளிலிருந்து காவலுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆக, தலைவர் வரவில்லை என்ற செய்தி இழவுச் செய்தியோடு சேர்ந்து மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

நாற்பது நாள்

மனிதர்களே கோட்டை, மனிதர்களே மதில், மனிதர்களே அகழி என்று ஷிங்கென் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு. அவர் கோஃபுவில் பெரிய கோட்டை கட்டாமல் மாளிகையில்தான் வாழ்ந்தார். கட்சுயோரி 1581-ல் நிராசாகியில் ஷின்பு என்ற புதுக் கோட்டையைக் கட்டினார். இன்றைய நிலைமைக்கு மாளிகை போதாது என்று அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே களைத்திருந்தவர்கள் தோளில் மண்ணும் கல்லும் ஏறின. ஆண்டுக் கடைசியில், வேலை முழுசாக முடியும் முன்பே குடிபோனார்.

1582 தொடக்கத்தில் கிசோ பள்ளத்தாக்கின் தலைவர் யோஷிமாசா நொபுனாகா பக்கம் சாய்ந்தார். இவர் கட்சுயோரியின் தங்கையைக் கட்டியவர். பிணையாக வைத்திருந்த யோஷிமாசாவின் குடும்பத்தாரைக் கொன்றுவிட்டு, அந்தப் பதினைந்தாயிரம் பேரோடு கட்சுயோரி கிளம்பினார். நொபுனாகாவின் மகன் நொபுதாதா ஷினானோவுக்குள் நுழைந்ததும் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. இரண்டாம் மாதம் 14-ஆம் நாள் அசாமா எரிமலை வேறு வெடித்தது. தெய்வமே கைவிட்டது என்று ஊர் பேசியிருக்கும்.

எதிர்த்து நின்ற பெரிய கோட்டை ஒன்றுதான்: தகதோ. கட்சுயோரி முதலில் ஆண்ட அதே கோட்டை. அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி நிஷினா மொரினொபு சரணடைய மறுத்து, ஒரே நாளில் தன் ஆட்களோடு மடிந்தார். அதே சமயம் அனயாமா நொபுகிமி, ஷிங்கெனின் அக்காள் மகன், ஷிங்கெனின் மகளைக் கட்டியவரும்கூட, சுருகாவை இயேயாசுவிடம் ஒப்படைத்துவிட்டார். வெளியார் அல்ல, வீட்டு மனிதர். அந்தச் செய்தி வந்த பிறகு முகாமில் யார் தங்குவார்கள்? இரவோடு இரவாகக் கலைந்தார்கள்.

மூன்றாம் மாதம் 3-ஆம் நாள் புதுக் கோட்டைக்குத் தானே தீ வைத்தார் கட்சுயோரி. குடிபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. சனாதா மசயுகி தன் இவாபித்சு கோட்டைக்கு அழைத்ததாகச் சொல்வார்கள். கட்சுயோரி தேர்ந்தெடுத்தது காய் மாகாணத்துக்காரரான ஒயமாதா நொபுஷிகேயின் இவாதோனோவை. மலைக் கணவாயை அடைந்தபோது ஒயமாதா வழியை அடைத்துவிட்டார்.

பிறகுதான் தானோ. கடைசிச் சண்டையில் சுசியா மசத்சுனே குறுகலான பாறைப் பாதையில் ஒரு கையால் காட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாள் வீசினார் என்று கதை சொல்கிறது. நகாஷினோவில் மாண்ட சுசியாவின் தம்பி இவர். கட்சுயோரிக்கு அப்போது 37 வயது. ஹோஜோ வீட்டுப் பெண்ணுக்கு 19. அவரை அண்ணனிடம் திருப்பி அனுப்பக் கணவர் முயன்றும் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மூவரும் அங்கேயே முடிந்தார்கள். மூன்றாமவர் மகன் நொபுகட்சு.

யார் பொறுப்பு?

கோயோ குன்கான் குலத்தைக் கெடுக்கும் தலைவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: மூடர், மிதமிஞ்சிய சாமர்த்தியசாலி, கோழை, மிதமிஞ்சிய பலசாலி. கட்சுயோரியை அது வைப்பது கடைசி வகையில். முட்டாள் என்று அதுகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். என்றாலும் இந்தத் தீர்ப்பு எனக்கு முழுதாக ஒப்பவில்லை. பலசாலியான தலைவர் தகதென்ஜினுக்கு ஓடியிருப்பார். கட்சுயோரி அங்கே செய்தது நிதானமான கணக்கு. அந்தக் கணக்கில் நிலம், ஆள், எதிரி எல்லாம் இருந்தன. உள்ளே பட்டினி கிடப்பவனின் தம்பி ஷினானோவில் என்ன நினைப்பான் என்பது மட்டும் இல்லை. 1578-லும் இதேதான் நடந்தது.

ஷிங்கெனுக்கும் பங்கு உண்டு. அவர் சேர்த்தது ஒரே நாடல்ல. தன்னை நம்பி, தன்னைப் பயந்து சேர்ந்திருந்த பல சிற்றரசர்களின் கூட்டம். தொடர்ந்து வெற்றியும் பங்கும் கிடைக்கும்வரை அது நிற்கும். அந்தக் கூட்டத்தை, சுவா பெயர் சூட்டி ஒதுக்கி வளர்த்த பிள்ளையிடம் அவசரத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனார். கூடவே நொபுனாகா, இயேயாசு என்று முடிக்காத பகையையும்.

கைவிட்டவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா என்றால், அதுவும் கலவையான கதை. ஒயமாதா பரிசு கேட்டு வந்தபோது தலைவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று நொபுதாதா அவரைக் கொன்றார். மூன்றே மாதத்துக்குள் க்யோதோவில், ஹொன்னோஜியில் நொபுனாகா மாண்டார். நொபுதாதாவும் அன்றே போனார். அந்தக் குழப்பத்தில் ஊருக்குத் தப்பி ஓடும் வழியில் அனயாமா கொல்லப்பட்டார். காய் இயேயாசு கைக்கு வந்தது. கலைந்துபோன தகேதா வீரர்களை அவர் திரட்டித் தன் தளபதி ஈ நாவோமாசாவின் கீழ் வைத்தார். தகேதாக்களின் சிவப்புக் கவசம் அந்தப் படைக்கு அடையாளமானது. தானோவில் கட்சுயோரிக்காக ஒரு கோயில் கட்டவும் ஏற்பாடு செய்தார். கெய்தோகுஇன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

அங்கே மாண்ட நொபுகட்சுவுக்கு அன்று, பழைய கணக்குப்படி, பதினாறு வயது.